புருனையிலிருந்து ஒரு பார்வையாளர்

ஜமாதுல் ஆகிர் பிறை 3, புதன் பகல்

சுபுஹு தொழுத பாயைச் சுருட்டுமுன் மூஸா காக்காவின் போன். ஊர் நலச் சங்கத்துக்குத் தலைவர் ஆனதிலிருந்து சலாம் சொல்வதற்கும் புகார் சொல்வதற்கும் நடுவில் மூச்சு விடும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ருக்கையா, ஒன் காலண்டர் மறுபடி கால வாரிட்டு புள்ள. பெரிய பள்ளி ஸலவாத் மஜ்லிஸுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு குடும்பமே ஒரு நாள் கழிச்சு வந்து நிக்கிறாஹ. ஓதி முடிச்சு நார்சா இனிப்புப் பொட்டலமும் குடுத்து முடிச்சாச்சு."

"காக்கா, வெப்சைட்ல பாருங்க. சரியாத்தான் ஈக்கிது."

"வெப்சைட்ல சரி. போனுக்கு வர்ற ரிமைண்டர்தான் ஒரு நாள் பிந்தி வருதாம். ரஜப் மாசம் பிறக்கிறதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி காலண்டரத் தூக்கிருவோம். பள்ளி போர்டுல எழுதிப் போட்டாப் போதும்."

பள்ளிவாசல் போர்டை ஊரில் இருப்பவன் பார்ப்பான். நெய்னாபட்டினத்தில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. துபாயிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் கிடப்பவர்களுக்காகத்தான் நான் அந்தக் காலண்டரைத் தளத்தில் வைத்தேன். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அவரவரே படிவத்தில் கிழமையும் மணியும் போடலாம். யார் கேட்டாலும் அவர்கள் போனுக்கு முன்கூட்டியே ரிமைண்டர் போகும். அதற்கென்று ஒரு பிளகினை இறக்கிச் சேர்த்தவளும் நான்தான், அதனால் திட்டு வாங்குகிறவளும் நான்தான்.

இது முதல் தடவையும் அல்ல. என் தம்பி புஹாரி புருனையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கணக்குப் பார்க்கிறான். போன வருஷம் உம்மா மவுத்தானபோது அவனுக்கு விமானம் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் ஓதும் ஃபாத்திஹாவுக்காவது வந்துவிட வேண்டும் என்று, நான் தளத்தில் போட்ட தேதியைப் பார்த்து, ரிமைண்டரை நம்பி டிக்கெட் எடுத்தான். வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு வாசலில் இறங்கும்போது பந்தல்காரர்கள் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "லாத்தா, இன்னைக்கு ராத்திரிதானே?" என்றான். முந்தின ராத்திரியே எல்லாம் முடிந்திருந்தது.

நான் வெள்ளி இரவு என்று சரியாகத்தான் பதிந்திருந்தேன். பிளகின் தள்ளிவிட்டால் நான் என்ன செய்ய? அதைச் சொன்னால் அவன் கேட்கவில்லை. "ஒன் வெப்சைட்ட நம்பி உம்மாட துஆவுக்கு ஆமீன் சொல்லாமப் போனேன்" என்றான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டால் எனக்கென்ன, சோறு இறங்காதா? எனக்கும் வீடு, வாசல், வேலை இருக்கிறது.

ரஜப் பத்தில் உம்மாவின் வருஷ ஃபாத்திஹா. அதற்குள் இதைச் சரி செய்தே ஆக வேண்டும். சங்கத்துக்காகத்தான்.

தளத்தை இன்று எந்தெந்த நாட்டிலிருந்து பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். புருனையிலிருந்து ஒருவர்.

பிறை 4, வியாழன் பகல்

தளத்தின் நேரம் லண்டன் என்று கிடந்தது. அகப்பட்டான் திருடன் என்று நேற்றே சென்னைக்கு மாற்றினேன். விளைவு: சாயங்காலம் அஸருக்கு நடக்கிற பெண்கள் தைக்கா வகுப்புக்கு, ராத்திரி இஷா முடிந்து எல்லோர் போனிலும் மணி அடித்திருக்கிறது. லண்டனுக்கும் நமக்கும் உள்ள ஐந்தரை மணி நேரத்தைத் தளம் கட்டும்போதே நான் கூட்டி வைத்திருந்தேன். இப்போது இரண்டாம் தடவையும் கூடிவிட்டது.

பழையபடி லண்டனுக்கே போனேன். டிக்கெட் செலவில்லை என்பதுதான் ஆறுதல்.

பிறை 5, வெள்ளி இரவு

அந்தி சாய்ந்து மஃரிபு தொழுது, உம்மாவுக்காக யாசீன் ஓதினேன். ஓதி முடித்ததும் அடுப்படியில் அவள் கரண்டிச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. பூனை.

புருனையிலிருந்து ஒருவர்.

பிறை 5, வெள்ளி பகல்

பிளகின்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று எங்கோ படித்தேன். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். நாலாவதை அணைத்ததும் தளம் மொத்தமாக வெள்ளையாகிவிட்டது. சரியாக ஜும்ஆவுக்கு முன்னால், ஊர் முழுக்கத் தொழுகை நேரம் பார்க்கிற வேளையில்.

மூஸா காக்கா பள்ளிக்குள்ளிருந்தே போன் செய்தார். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதினால் அவருடைய ஜும்ஆவின் நன்மை குறைந்துவிடும்.

பிறை 7, ஞாயிறு பகல்

தளத்தைத் தூக்கி நிறுத்திவிட்டேன். கோளாறு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன்: பகல் நிகழ்ச்சி ஒன்றுகூடப் பிந்தவில்லை. பிந்துவதெல்லாம் இரவு நிகழ்ச்சிகள். அதிலும் எல்லாம் இல்லை. அரசுப் பள்ளிக்கூட ஆண்டு விழாவும் கால்பந்து மின்னொளிப் போட்டியும் சரியான நாளில் போகின்றன. மௌலிது, ஃபாத்திஹா, திக்ரு மஜ்லிஸ் எல்லாம் ஒரு நாள் பிந்துகின்றன. கம்ப்யூட்டருக்கு மார்க்கம் தெரியுமா என்ன?

இதைப் பிளகின் எழுதினவரின் இணைய மன்றத்தில் விளக்கமாக எழுதிக் கேட்டிருந்தேன். யோரன் என்று பெயர், ஏதோ குளிர் தேசத்துக்காரர். ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. பதிகிறவர் தேதியைத் தவறாகப் பதிகிறார், பிளகினில் பிழை இல்லை, விஷயம் முடிந்தது. இனி யாரும் எழுத முடியாதபடி கீழே ஒரு பூட்டுப் படம் வேறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் ஊரே ஒட்டுமொத்தமாகத் தவறு செய்கிறதாம், அவர் பிளகின் மட்டும் பத்தரைமாற்றுத் தங்கமாம்.

எரிச்சலை ஆற்ற எதிர் வீட்டுக்குப் போனேன். வங்கிக்கு மாற்றலாகிப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கிற கோதைநாயகி அங்கே குடியிருக்கிறாள். வந்த நாளிலிருந்து பிரெட்டையே சாப்பிட்டுக் கிடக்கிறது பாவம். திங்கள் இரவு சாப்பிட வா, இடியாப்பமும் கறியும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறை 8, திங்கள் இரவு

இடியாப்பம் ஆறி, கறி ஆறி, நானும் ஆறிவிட்டேன். மகாராணி வரவில்லை. வீட்டில் விளக்கு எரிகிறது, ஆள் உள்ளேதான் இருக்கிறாள். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வங்கி அதிகாரி என்றால் இனிப்புக்கென்று அவித்த வட்டிலப்பத்துக்குக்கூட மரியாதை கிடையாது போல.

கறியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். இனிமேல் அவளுக்கு பிரெட்டே கதி.

பிறை 9, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

இஷாவுக்குப் பிறகு கதவு தட்டும் சத்தம். திறந்தால் கோதை. பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் பழைய நைட்டியில், கையில் துடைப்பத்தோடு.

"ஏனுங்க்கா, ரொம்ப நேரமே வந்துட்டனா?"

"ஒரு நாள் கழிச்சு வந்துட்டு, நேரமேயா?"

"திங்கக்கிழம ராத்திரின்னுதானுங்க்கா சொன்னீங்க?"

"திங்கள் இரவு நேத்தே போயிட்டே, கோதை."

"நேத்து ஞாயித்துக்கிழமைங்க்கா. பேங்க்கு லீவு. நான் வீட்லதான் துணி தொவச்சுட்டு இருந்தேன்."

"ஞாயிறு பகல்வரைக்கும்தான். மஃரிபு பாங்கு சொல்லியாச்சுன்னா திங்கள் இரவு."

"அப்ப இப்ப நடக்கறது?"

"செவ்வாய் இரவு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொடாததுதான் குறை. "அப்ப உங்க ஊர்ல ராத்திரி மொதல்ல வந்து பகல் அப்புறமா வருதுங்களா?"

"பொறகு? பிறை தெரியிறது மஃரிபுக்குத்தானே? அதுலேர்ந்துதானே நாள் ஆரம்பிக்கும். நோன்புகூட ராத்திரி மொத தராவீஹ் தொழுதுட்டுத்தானே பகல்ல புடிக்கிறோம். எல்லாரும் அப்படித்தானே…"

அங்கே நின்றுவிட்டேன். எல்லாரும் அப்படி இல்லை. கோதை அப்படி இல்லை. அரசுப் பள்ளி அப்படி இல்லை. யோரன் அப்படி இல்லை. கம்ப்யூட்டர் அப்படி இல்லவே இல்லை, அதற்கு நடுச்சாமத்தில்தான் நாள் பிறக்கும்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கோதையைக் கட்டிப்பிடித்தேன். வாழைப்பழம் நசுங்கியது. மிச்சம் இருந்த வட்டிலப்பத்தை அவளுக்கு வைத்து, முட்டை பொரித்து, காலையில் அரைத்து வைத்த மாவில் ஆப்பம் சுட்டேன். அவள் ஐந்து சாப்பிட்டாள். இவளைப் போய் மகாராணி என்று திட்டினேனே.

பிறை 9, செவ்வாய் பகல்

போன வருஷத்திலிருந்து பிந்திய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். சந்தேகமே இல்லை. மௌலிது நடத்துகிறவர் வெள்ளி இரவு என்று நினைத்துப் படிவத்தில் 'வெள்ளி', '8.30' என்று போடுகிறார். ஊர்க்காரர் தளத்தில் அதைப் படித்துவிட்டு வியாழக்கிழமை மாலையே சட்டை மாற்றுகிறார், சரியாகப் போய்ச் சேர்கிறார். கம்ப்யூட்டரோ வெள்ளிக்கிழமை பகலும் முடிந்து வருகிற ராத்திரிக்கு மணி அடிக்கிறது. அரசுப் பள்ளிக்காரர்கள் கடிகாரக் கணக்கில் போடுவதால் அவர்களுக்குப் பிசகவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன், அதுவும் லண்டன் வரைக்கும்.

உம்மாவின் நாற்பதாம் ஃபாத்திஹாவையும் பார்த்தேன். 'வெள்ளி, 7.30.' நான் போட்டது சரி. புருனையில் அவன் படித்ததும் சரி. பொய் சொன்னவர் யாரும் இல்லை.

போனை எடுத்து அவன் பெயர்வரைக்கும் போனேன். பிறகு உளுந்து அரைக்க வேண்டியிருந்தது.

பிறை 11, வியாழன் பகல்

மூஸா காக்காவிடம் விளக்கினேன். முதலில் சிரித்தார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார், பிறகு தலைவர் ஆகிவிட்டார்.

"சுலபம்தானே புள்ள. இனிமே எல்லாரும் கடிகாரக் கணக்குலதான் போடணும்னு பள்ளியில அறிவிச்சிருவோம்."

"ஊர் முழுக்க மாறணுமா காக்கா?"

"கம்ப்யூட்டர் மாறாதே."

"ஒங்க வாப்பா உம்மாட நிக்காஹ் எந்த இரவு நடந்துச்சு?"

"திங்கள் இரவு."

"இனிமே ஞாயிறு இரவுன்னு சொல்லுவியளா?"

"அதெப்படிச் சொல்றது? பொய்யாப் போயிருமே" என்றார்.

அதேதான் காக்கா. ஊரைக் காலண்டருக்குப் பழக்குவதைவிடக் காலண்டரை ஊருக்குப் பழக்குவதுதான் முறை. ரஜப் பிறக்கட்டும், காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. கல்லூரியில் படித்த புரோகிராமிங்கைத் தொட்டு எத்தனையோ காலம்.

பிறை 14, ஞாயிறு பகல்

பிளகினின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாயிற்று. நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது ஒரே ஒரு வரியில் இருக்கிறது. பூஜ்யம் என்று போட்டிருக்கிறார் யோரன். அதை மாலை ஆறு ஆக்கினேன். வேலை செய்தது. கத்திவிட்டேன்.

புருனையிலிருந்து ஒருவர். அந்தத் தேசத்தில் நம் ஊர்க்காரர்கள் இன்னும் நாலு வீடு இருக்கிறார்கள். யாராகவும் இருக்கலாம்.

பிறை 15, திங்கள் பகல்

கத்தியது வீண். அரசுப் பள்ளிப் பரிசளிப்பு மாலை ஆறே காலுக்கு. பாங்கு சொல்வதோ ஆறரைக்கு. அந்தக் கால் மணி இடைவெளியில் பள்ளிக்கூடம் முழுவதும் முந்தின நாளுக்குத் தாவிவிட்டது. தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் சுட்டது.

பிறை 19, வெள்ளி பகல்

சூரியனுக்கு ஆறு மணி என்று யார் சொன்னது? பெரிய பள்ளியின் தொழுகை அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் மஃரிபு நேரம் இருக்கிறது. அதைக் காலண்டருக்குள் ஊட்டினேன். படிவத்தில் கிழமைக்குப் பக்கத்தில் 'பகல்', 'இரவு' என்று இரண்டு பொத்தான் வைத்தேன். வெள்ளி, இரவு என்று தொட்டால் கீழே ஒரு வரி கேட்கும்: 'வியாழன் பகல் முடிந்து, மஃரிபுக்குப் பின் வரும் இரவு. சரிதானே?' கடிகாரக் கணக்குக்காரர்கள் அங்கே விழித்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது இதுதான்: ஒவ்வொரு நாளின் கட்டத்தையும் இரண்டாகப் பிரித்தேன். மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. இரவு முந்தி, பகல் பிந்தி. பார்க்கப் பார்க்க அழகாக இருக்கிறது. ரிமைண்டரில் இரண்டும் வரும், ஊர்க் கணக்கும் கடிகாரக் கணக்கும்.

கோதை பார்த்துவிட்டு, "இதுக்கப்புறம் சோத்துக்குக் கூப்புட்டா லிங்க் அனுப்பிருங்க்கா" என்றாள்.

பிறை 21, ஞாயிறு பகல்

யோரனின் மன்றத்தில் பூட்டை மதிக்காமல் புதிதாக எழுதினேன். கோபத்தையெல்லாம் கழித்துவிட்டு எழுத மூன்று தடவை அழிக்க வேண்டியிருந்தது. உங்கள் பிளகினில் பிழை இல்லை, என் ஊரிலும் பிழை இல்லை, நாள் நடுச்சாமத்தில்தான் பிறக்கும் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைத் தவிர, என்று முடித்தேன். நான் எழுதிய நிரலையும் கீழே ஒட்டினேன்.

பிறை 23, செவ்வாய் பகல்

சுரபயாவிலிருந்து வஹ்யூனி என்ற பெண் எழுதியிருக்கிறாள். அவர்கள் ஊரிலும் வெள்ளி இரவு என்றால் வியாழன் ராத்திரிதானாம். அவள் மதரஸா தளத்தில் இரண்டு வருஷமாக இதே தலைவலி, தன்னைத்தான் முட்டாள் என்று நினைத்திருந்தாளாம். அவளுக்குக் கீழே ஒரு யூதர், அவருடைய ஓய்வுநாளும் வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும் தொடங்குகிறதாம். அவருக்கும் கீழே இன்னும் ஆட்கள். நெய்னாபட்டினத்து அடுப்படியில் உட்கார்ந்து, முகம் தெரியாத இத்தனை பேரோடு ஒரே பந்தியில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

பூட்டைக் காணவில்லை.

பிறை 26, வெள்ளி பகல்

வெற்றி! வெற்றி என்று எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு சங்கத்தில் கூட்டம். மூஸா காக்காவையே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'சனி', 'இரவு', '7.00' என்று போட்டார். திரை கேட்டது: 'வெள்ளி பகல் முடிந்து, மஃரிபுக்குப் பின் வரும் இரவு. சரிதானே?'

"சரிதான், சரிதான்" என்று கம்ப்யூட்டருக்கே பதில் சொன்னார் காக்கா. கூட்டம் சிரித்தது. துபாயில் இருக்கும் அவர் மகனுக்கு உடனே ரிமைண்டர் போய், 'வெள்ளிக்கிழமை ஏழு மணி, என்ன வாப்பா விசேஷம்?' என்று அவன் கேட்டு எழுதினான். காலண்டரைத் தூக்குவது பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால் யோரனின் கடிதம். அவசரப்பட்டுப் பூட்டியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அடுத்த பதிப்பிலிருந்து உலகத்தில் எல்லோருக்கும் ஒரு தேர்வு வருகிறது: நாள் தொடக்கம், நள்ளிரவு அல்லது சூரிய மறைவு. உதவியவர்கள் பட்டியலில் 'ருக்கையா, நெய்னாபட்டினம்'. கொழும்புக் கடையில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாராம். வியாபாரம் நடந்த மாதிரிதான்.

உம்மா இருந்திருந்தால், "அதெல்லாம் சரி, ஒலைய வச்சியா?" என்று கேட்டிருப்பாள்.

ரஜப் பிறை 2, வியாழன் பகல்

வருஷ ஃபாத்திஹாவைப் பதிந்தேன். பத்தாம் பிறை, வெள்ளி, இரவு, 7.30. சரிதானே என்று கேட்டது. சரிதான் என்றேன், காக்கா மாதிரியே.

"தம்பிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லீர்லாமுங்களே?" என்றாள் கோதை.

"போன தடவ அவன ஏமாத்துனது காலண்டரு. இந்தத் தடவ காலண்டரே கூட்டிட்டு வரட்டும்."

"வரலீன்னா?"

அடுப்பில் பால் பொங்கியது. போய்விட்டேன்.

பிறை 7, செவ்வாய் பகல்

புருனையிலிருந்து ஒருவர். ஃபாத்திஹா பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார். பல தடவை.

பிறை 9, வியாழன் பகல்

களறி விருந்துக்குச் சாமான் வந்துவிட்டது. பந்தல்காரர்கள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி இன்னும் வரவில்லை.

புருனையிலிருந்து ஒருவரும் இல்லை. நேற்றும் இல்லை. அலுத்துவிட்டது போல. ஒருவர் பார்க்காவிட்டால் தளம் கவிழ்ந்துவிடாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், கண் எரிகிறது.

பிறை 10, வெள்ளி இரவு

வந்துவிட்டான்.

அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில், பந்தல்காரர்கள் அப்போதுதான் வந்து வாசலில் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே நெய்ச்சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெளியே ஆட்டோ நின்றது. யாரோ பந்தல்காரரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"காக்கா, கம்பு நடுறியளா, புடுங்குறியளா?"

"நடுறோம் தம்பி."

"நெசமாவா?"

"புடுங்குறதுக்கு இன்னும் நட்டே முடியலையே தம்பி."

அரிசிக் கையோடு ஓடினேன். புஹாரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் நட்ட ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், அதுவும் போய்விடுமோ என்பது போல. மெலிந்திருந்தான். தாடியில் நரை. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைத்த வசவு என்னிடம் நிறைய இருந்தது.

"லாத்தா" என்றான்.

"குளிச்சிட்டு வா. இப்பப் பாங்கு சொல்லிருவாஹ" என்றேன்.

அவன் போனை நீட்டினான். என் ரிமைண்டர். 'வெள்ளி இரவு, உம்மாவின் வருஷ ஃபாத்திஹா. கடிகாரப்படி வியாழன் மாலை 7.30.'

"எங்க கடையில ஒரு மலாய்க்காரப் புள்ள வேல பாக்குது. இத அதுட்டக் காட்டிக் கேட்டேன். வெள்ளி இரவு எப்ப வரும்னு இந்த வயசுலயா கேக்குறீங்கன்னு சிரிக்குது. அது சிரிச்சப்பதான் எனக்கு வெளங்குச்சு. நீ போன வருஷமும் சரியாத்தான் போட்டிருக்க, லாத்தா."

"நீ படிச்சதும் சரிதான்."

"ஒரு வருஷமா ஒன் வெப்சைட்டத்தான் தினமும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தெரியும் என்று சொல்லவில்லை. அழுதேன், அவனும் அழுதான், பந்தல்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி ஆணி அடித்தார்.

ஏழரைக்கு ஓதத் தொடங்கினார்கள். ஓத வந்த லெப்பை துஆ கேட்டபோது ஆண்கள் பக்கத்திலிருந்து வந்த ஆமீன்களில் ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இரண்டு வருஷத்து ஆமீனையும் சேர்த்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மூஸா காக்கா மூன்று தடவை சோறு வாங்கினார். கோதை சரியான இரவில், சரியான நேரத்தில் வந்து, நெய்ச்சோற்றை ஒரு பிடி பிடித்தாள்.

இப்போது பாத்திரமெல்லாம் கழுவி வைத்தாயிற்று. உம்மாவின் கட்டிலில் புஹாரி குறட்டை விடுகிறான். பழக்கதோஷத்தில் கணக்கைத் திறந்து பார்த்தேன். துபாய், கொழும்பு, ஹாங்காங், சுரபயாவிலிருந்துகூட ஒருவர்.

புருனையிலிருந்து ஒருவரும் இல்லை.